நான்காவது ஸ்க்ரூ

“இதுல யாரு கை வச்சது?” என்று கேட்டாள் பெவ்.

சமையலறைச் சுவரில் தொங்கிய, வீடு முழுவதையும் சூடாக்குகிற பாய்லருக்கு அடியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, நெற்றி விளக்கோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தகர மூடியின் அடிவிளிம்பில் நான்கு ஸ்க்ரூ. மூன்று கழன்று வந்து அவள் உள்ளங்கையில் கிடந்தன. நான்காவதின் தலையில் கூட்டல் குறி இருக்கவேண்டிய இடத்தில் உருண்டையாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

“போன வருஷம் செக் பண்ண வந்த ஆளா இருக்கும்,” என்றார் ட்ரெவர்.

“போன வருஷம் வந்தது நான்தான் கண்ணு.”

ட்ரெவருக்கு எழுபத்தெட்டு முடிந்திருந்தது. பெவ்வுக்கு ஐம்பது இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பஸ் ஓட்டுகிறவரிலிருந்து பல் பிடுங்குகிறவர் வரை எல்லாருக்கும் எல்லாரும் கண்ணுதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கண்ணு, ட்ரெவரின் காதில் கொஞ்சம் குத்தலாகவே விழுந்தது. முப்பத்தெட்டு வருஷம் அரம் செய்யும் ஆலையில் இயந்திரம் பழுது பார்த்தவர் அவர். அங்கே ஒருவன் ஸ்க்ரூ தலையை இப்படி அரைத்து வைத்தால், ரிட்டயர் ஆகிறவரை அவனை அதைச் சொல்லியே கூப்பிட்டிருப்பார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிப்ரவரி மாதத்துச் சரிவுத் தெருவில் உறைபனி இன்னும் இளகவில்லை.

“கோளாறு பெருசில்ல. பத்த வைக்கிற முள்ளு போயிடுச்சு. வண்டில புதுசு இருக்கு, மாத்துனா பத்து நிமிஷம்,” என்றாள் பெவ். “ஆனா மூடி கழண்டாத்தானே!”

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. ட்ரெவர் கூரையைப் பார்த்தார்.

மேலே அவர் மனைவி மேவிஸ் செத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் நேற்று நடையில் நின்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி வேண்டாம், என் கட்டிலிலேயே கிடக்கிறேன் என்று அவள்தான் வீட்டுக்கு வந்தாள். வந்த நான்கு நாளில் அவள் எதையும் கேட்கவில்லை. சூப் வேண்டாம், பாதிரியார் வேண்டாம், தங்கையிடம் போனில் பேசக்கூட வேண்டாம். நேற்று மாலை பாய்லர் நின்றுபோன பிறகு மட்டும் ஒன்று சொன்னாள். “குளிருது ட்ரெவ்.”

அந்த ஒன்றையாவது செய்துவிட வேண்டும். அவள் போவதற்குள் அந்த அறை சூடாக வேண்டும். ட்ரெவருக்கு வேறு எதுவும் தலைக்குள் நிற்கவில்லை.

பெவ் ஸ்க்ரூ டிரைவரில் சரியான அளவு பிட்டைப் பொருத்தித் திருகிப் பார்த்தாள்; பள்ளத்துக்குள் வழுக்கிச் சுற்றியது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். ஒரு ரப்பர் பேண்டைப் பள்ளத்தின்மேல் வைத்து, அதற்குமேல் பிட்டை அழுத்தித் திருகினாள். ரப்பர் பேண்ட் அறுந்து அவள் கன்னத்திலேயே தெறித்தது. “சனியனே,” என்றாள். பிறகு எண்ணெய் டப்பாவை எடுத்து ஒரு பீச்சுப் பீச்சினாள்.

“ஒரு பத்து நிமிஷம் ஊறட்டும்.”

பத்து நிமிஷம் சும்மா நிற்பது ட்ரெவரால் முடிகிற காரியமா? படியேறினார்.

படுக்கையறையில் மகள் லொரேன் கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது. அவள் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மின்சார ஹீட்டர் ஒன்று மூலையில் அணைந்து கிடந்தது. அதன் காற்றுப் பட்டால் மேவிஸுக்கு இருமல் வந்தது. அதோடு கெட்டிலையும் போட்டால் ஃப்யூஸ் போய் வீடே இருண்டது. ஆகையால் லொரேன் விடிந்ததிலிருந்து வெந்நீர்ப் பைகளை மாற்றி மாற்றி அம்மாவின் காலடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இங்க உக்காரேன்பா. கீழ உனக்கு என்ன வேலை?”

“அந்தம்மாவுக்கு வெளிச்சம் பிடிக்கணும்.”

“அவங்க நெத்தியிலயே விளக்கு இருக்கு. நான் பாத்தேன்.”

பாய்லரிலிருந்து சூடு வரவேண்டிய ஜன்னலடி ரேடியேட்டரை ட்ரெவர் தொட்டுப் பார்த்தார். செத்த இரும்பு. தொட்ட பிறகுதான் கட்டிலைப் பார்த்தார். மேவிஸ் கண்ணை மூடியிருந்தாள். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வருகிறவரை அவரும் மூச்சு விடவில்லை. தலையணையில் அவள் முகம் இவ்வளவு சிறிதாக எப்போது ஆனது என்று தெரியவில்லை.

“நர்ஸ் என்ன சொன்னாங்க தெரியுமா?” என்றாள் லொரேன். “இது ரூம் குளிர் இல்லையாம். உடம்புக்குள்ளருந்து வர்ற குளிராம். நீ பாய்லரைச் சரி பண்ணாலும் பண்ணாட்டியும்...”

“எது எந்தக் குளிருன்னு எனக்குத் தெரியும்.”

“கோவிச்சுக்காத. கொஞ்ச நேரம் உக்காரு, அதத்தான் சொல்றேன்.”

“எண்ணெய் ஊறியிருக்கும்,” என்று சொல்லிவிட்டு ட்ரெவர் இறங்கினார். அவருக்குப் பயமாக இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பன்னிரண்டு படி இறங்கினால் அங்கே ஒரு ஸ்க்ரூ இருந்தது. அதோடு மல்லுக்கட்டலாம்.

நடையில், வீட்டுச் சூட்டுக்கு அளவு வைக்கும் தெர்மோஸ்டாட் இருந்த சுவருக்கு முன்னால் ஒரு நொடி நின்றார். முள் இருபத்திரண்டு டிகிரியில் இருந்தது. மேவிஸ் வைத்தது.

அந்த ஊர்ப் பக்கத்தில் ‘நெஷ்’ என்று ஒரு சொல் உண்டு. குளிர் தாங்காதவர்களை இளக்காரமாகச் சொல்வது. ஐம்பத்திரண்டு வருஷமாக மேவிஸுக்கு வீட்டில் அதுதான் பெயர். அவள் இருபத்திரண்டில் வைப்பாள். இவர் கடந்து போகும்போது பதினேழுக்கு இறக்குவார். “ஸ்வெட்டரைப் போட்டுக்கோடி நெஷ்!” என்பார். “ஜன்னலுக்கு உள்பக்கம் ஐஸ் கட்டுற வீட்டுல ஆறு பேர் வளந்தோம், ஒருத்தரும் சாகல” என்பார். அவள் நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு, அவர் கடைக்குப் போனதும் மறுபடி ஏற்றுவாள். இது சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. சில வீட்டில் சீட்டாடுவார்கள், இங்கே இது.

போன நவம்பரில் ட்ரெவர் ஆட்டத்தை முடித்துவைத்தார். மேவிஸ் தலைமுடி சுருட்டிக்கொள்ளப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பாய்லர் மூடியைக் கழற்றினார். உரிமம் உள்ளவர்கள்தான் தொடலாம் என்று மூடியிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டினால் என்ன, அவர் பார்க்காத இயந்திரமா? உள்ளே, சூட்டின் வீரியத்தையே கட்டுப்படுத்துகிற ஒரு சின்னக் குமிழ் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை அடிமட்டத்துக்குத் திருகிவிட்டார். இனி அவள் சுவரில் இருபத்திரண்டு வைத்தாலும் முப்பது வைத்தாலும் ரேடியேட்டர் வெதுவெதுப்புக்கு மேல் போகாது. மூடியைத் திரும்பப் பூட்டும்போது தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. அந்த அவசரத்தில்தான் நான்காவது ஸ்க்ரூ அரைபட்டது.

ஜனவரியில் வியாதிக்குப் பெயர் தெரிந்தது. நவம்பரிலேயே அது அவளுக்குள் இருந்திருக்கிறது. கையெல்லாம் நீலம் பாரித்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் அவள் ஒடுங்கியதெல்லாம் அதனால்தான். அப்போதும் அவர் நெஷ் என்றுதான் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி, மருந்து, அலைச்சல் என்று போன வாரங்களில் அந்தக் குமிழ் அவருக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. நேற்று மாலை பாய்லர் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. வந்ததிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

“இங்க பாருங்க,” என்றாள் பெவ், அவர் சமையலறைக்குள் வந்ததும். உள்ளங்கையில் இருந்த நல்ல ஸ்க்ரூ ஒன்றை நீட்டினாள். “கூட்டல் குறிக்கு நடுவுல சின்னச் சின்னதாக் கோடு தெரியுதா? இது ஒரு ரகம். இதுக்குன்னு தனி ஸ்க்ரூ டிரைவர். கோடு இல்லாத ரகத்தோட டிரைவரும் இதுக்குள்ள போகும், ஆனா பிடிக்காது. அழுத்துனா ஏறி ஏறி வழுக்கி, தலையத் தின்னுடும். எவனோ அதத்தான் செஞ்சிருக்கான்.”

இதை அவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஆலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர்தான் முதல் நாள் இதைச் சொல்லித் தருவார். அன்றைக்கு மேசை இழுப்பறையில் கைக்கு அகப்பட்டதை எடுத்தார், அவ்வளவுதான்.

“இப்ப என்ன பண்றது?”

“டிரில் போடணும். இடப்பக்கமாச் சுத்துற பிட் ஒண்ணு இருக்கு. குடைஞ்சுக்கிட்டே போகும்போது, அதிர்ஷ்டம் இருந்தா ஸ்க்ரூவக் கவ்விக் கழட்டிக்கிட்டு வந்துரும். இல்லன்னா தலையே பேந்து வரும். ரெண்டுல எது வந்தாலும் மூடி கழண்டுரும்.” பெவ் கையுறையை மாட்டிக்கொண்டாள். “ஆனா சத்தம் ஊரக் கூட்டும். மேல யாரோ படுத்திருக்காங்க போல? உடம்பு சரியில்லன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. சளியா?”

“என் வீட்டுக்காரி. இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்லியிருக்காங்க.”

பெவ் நெற்றி விளக்கை அணைத்தாள்.

“அடக் கடவுளே! இத வந்ததும் சொல்லக்கூடாதா? ஸ்க்ரூ ரகமெல்லாம் பாடம் எடுத்துக்கிட்டு நிக்கிறேன். மேல போங்க கண்ணு. இது என் வேலை.”

ட்ரெவர் நகரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“தொறந்தா உள்ள ஒரு குமிழ் இருக்கும். சின்னது. அடியில திருகியிருக்கும்.”

பெவ் அவரைப் பார்த்தாள். ஸ்க்ரூவைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

“அதுவும் நீங்கதானா?”

“எம் பொண்ணுகிட்ட...”

“நான் பாய்லர் பாக்க வந்தவ. குடும்பம் பாக்க வரல. போங்க.”

மேலே போனபோது மேவிஸ் கண் திறந்திருந்தாள். லொரேன் ஒரு பஞ்சை நனைத்து அவள் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

“கீழ யாரு?” என்று கேட்டாள் மேவிஸ். குரல் காகிதம் உரசுகிற மாதிரி இருந்தது.

“பாய்லர்காரம்மா. கொஞ்சம் டிரில் போடணுமாம். சத்தம் வரும். பரவால்லயா?”

“அவங்களுக்கு டீ குடுத்தியா?”

ட்ரெவர் வாசல் பக்கம் பார்த்தார்.

“குடுக்கலையா?” மேவிஸ் புருவத்தை நெரித்தாள். இவ்வளவு நோவிலும் அவள் முகத்தில் அந்தப் பழைய கண்டிப்பு வந்து உட்கார்ந்தது. “இவ்வளவு நேரமா நம்ம வீட்டுல வேலை செய்றாங்க. ஒரு டீ குடுக்கல. என்ன நெனைப்பாங்க?”

“நான் போட்டுக் குடுக்கறேன்மா,” என்று லொரேன் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “பிஸ்கட்டும் வைக்கறேன். போதுமா?”

“நல்ல கப்புல குடு.”

லொரேன் இறங்கிப் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் ட்ரெவர் அதில் உட்கார்ந்தார். போர்வைக்குள் கைவிட்டு மேவிஸின் கையைத் தேடி எடுத்தார். எலும்பும் மோதிரமுமாக இருந்தது.

“மேவ். ஒண்ணு சொல்லணும்.”

“ம்.”

“நவம்பர்ல நான் பாய்லரத் தொறந்தேன். உள்ள ஒண்ண இறக்கி வச்சேன். நீ எவ்வளவு ஏத்துனாலும் சூடு ஏறக் கூடாதுன்னு.”

மேவிஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை.

“மேவ், நான் அத...”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“முன்னெல்லாம் இந்த ரேடியேட்டர்ல கைய வச்சா சுடும். அப்புறம் சுடல. எனக்கென்ன மூளையா இல்ல?” மூச்சுக்காக நிறுத்தினாள். “அன்னிக்கு முடி சுருட்டிக்கிட்டு வர்றேன், நீ விசில் அடிச்சுக்கிட்டு பாத்திரம் கழுவுற. நீ என்னிக்குப் பாத்திரம் கழுவியிருக்க?”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“ரொம்ப சந்தோஷமா இருந்த,” என்றாள் மேவிஸ். “ஆலைய மூடினதுக்கு அப்புறம் உன்ன அப்படி நான் பாக்கல. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

ட்ரெவர் குனிந்து அவள் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. அழுது பழக்கமில்லாததால் அது இருமலாகவே வெளியே வந்தது.

“நீ நெஷ் இல்ல மேவ். உடம்பு முடியாம இருந்திருக்க. எனக்குத் தெரியல.”

“யாரு சொன்னா? நான் நெஷ்தான்,” என்றாள் அவள். “பொறந்ததுலருந்தே. அதுக்கென்ன இப்ப?”

கீழே டிரில் அலறத் தொடங்கியது. தரைப்பலகை அதிர்ந்தது. அலமாரிக்குள் ஹாங்கர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ட்ரெவர் பதறி எழப் போனார். மேவிஸின் விரல்கள் அவர் விரலை லேசாகப் பிடித்தன. அது பிடி என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டார்.

“இருக்கட்டும்,” என்றாள். “வேலை நடக்குதுன்னு தெரியுதுல்ல.”

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

டிரில் நின்றது. மறுபடி அலறியது. நின்றது. “வாடி, வந்துரு, வந்துரு” என்று பெவ் ஸ்க்ரூவைக் கெஞ்சுவது படி வழியாகக் கேட்டது. ட்ரெவருக்குக் கால் துறுதுறுத்தது. கீழே ஓடிப்போய் எந்தக் கோணத்தில் பிடித்திருக்கிறாள், அழுத்தம் போதுமா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரு கால் தானாகவே தரையில் தாளம் போட்டது. அதை மற்றொரு காலால் மிதித்து நிறுத்தினார். மேவிஸின் மூச்சு இப்போது நீண்ட இடைவெளி விட்டு வந்தது. அவர் எண்ண ஆரம்பித்து, பயந்து, விட்டுவிட்டார்.

பிறகு ஏதோ பொட்டென்று தெறித்து விழுந்தது. தகர மூடி கழன்று தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. லொரேன் கீழே ஏதோ சொன்னாள், பெவ் சிரித்தாள். கப்பு கிளிங்கென்றது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ட்ரெவர் நாற்காலியை ரேடியேட்டர் பக்கம் நகர்த்தினார். வலது கையில் மேவிஸின் கை. இடது கையை ரேடியேட்டரின் மேல் வைத்தார். சில்லென்றிருந்தது. அப்படியே வைத்திருந்தார். குழாய்க்குள் ஒரு முனகல் வந்து போனது. இரும்பு டிக் என்றது. இன்னொரு டிக். உள்ளங்கைக்கு அடியில் முதலில் ஒரு சந்தேகம் மாதிரிதான் இருந்தது. பிறகு வெதுவெதுப்பு. பிறகு சூடு. நவம்பரிலிருந்து அந்த வீட்டில் இல்லாத சூடு.

“மேவ், வந்துடுச்சு. தொட்டுப் பாரு,” என்றார்.

இடது கை சுட்டபோதும் அவர் அதை எடுக்கவில்லை. வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த கையின் கனம் கொஞ்சம் கூடியிருந்தது. எப்போது கூடியது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

லொரேன் படியில் தடதடவென்று ஏறி வந்தாள். “அப்பா, எரியுது! நீல நீலமா...” என்று தொடங்கியவள் வாசலிலேயே நின்றாள்.

பெவ் கிளம்பும்போது கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நடையில் ட்ரெவரைப் பார்த்ததும் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, “வருத்தமா இருக்கு கண்ணு,” என்றாள். பிறகு லொரேன் போனில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “குமிழ மேல ஏத்தி வச்சிருக்கேன்.” ட்ரெவர் தலையசைத்தார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தார். வேறெதுவோ வரும்போலிருந்ததால் கதவைத் திறந்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். மேவிஸின் நெஞ்சில் குழலை வைத்து நீண்ட நேரம் கேட்டாள், கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். தலைமுடியை ஒதுக்கி, கைகளை ஒழுங்காக எடுத்து வைத்தாள். எல்லாம் முடிந்ததும் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“இந்த ரேடியேட்டர அணைச்சிரணும். ஜன்னலையும் கொஞ்சம் தொறந்து வைங்க,” என்றாள். “சவ அடக்கம் பண்றவங்க வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் ரூம் குளிர்ச்சியா இருக்கணும். புரியுதுல்ல?”

லொரேன் அப்பாவைப் பார்த்தாள். “நான் பண்றேன்பா,” என்றாள்.

“வேணாம்.”

ட்ரெவர் ஜன்னலடியில் மண்டியிட்டார். ரேடியேட்டரின் ஓரத்தில் இருந்த திருகைப் பிடித்தார். அது எளிதாகவே திரும்பியது. மூடும்வரை திருப்பினார். பிறகு எழுந்து ஜன்னலை ஒரு சாண் தூக்கினார். பிப்ரவரிக் காற்று உள்ளே வந்து மேவிஸின் நெற்றி முடியை அசைத்தது. அவர் அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார். கதவுக்கும் தரைக்கும் இடையே இருந்த சந்தில் தன் கோட்டைச் சுருட்டி வைத்தார்.

மற்ற அறைகளில் சூடு ஏறிக்கொண்டே போனது. லொரேன் தொப்பியைக் கழற்றினாள், கோட்டைக் கழற்றினாள், பிறகு கம்பளிச் சட்டையையும் கழற்றினாள். ஜன்னல் கண்ணாடிகளில் நீர் கோத்து வழிந்தது. ட்ரெவர் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடந்தார். ஒன்றிரண்டு பேருக்குப் போன் செய்தார்; யாரிடம் என்ன சொன்னோம் என்று வைத்ததுமே மறந்தது. “தெர்மோஸ்டாட்டக் கொஞ்சம் இறக்கட்டுமாப்பா? வேர்க்குது,” என்றாள் லொரேன். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

மூன்று மணிக்கு, கறுப்புக் கோட்டு அணிந்த இருவர் வந்தார்கள். மூத்தவருக்கு அறுபது இருக்கும், கன்னம் குளிரில் சிவந்திருந்தது. வெளியில் காலை நன்றாகத் தட்டித் துடைத்துவிட்டு நடைக்குள் வந்தார். கையுறையைக் கழற்றி, இரு கையையும் தேய்த்துக்கொண்டார். இந்த மாதிரி வீட்டில் முதலில் எதையாவது பேச வேண்டுமே என்று பேசினார்.

“அப்பாடா. வீடு நல்லா கதகதப்பா வச்சிருக்கீங்க ஐயா.”

“ஆமா,” என்றார் ட்ரெவர். “அவளுக்குக் குளிர் ஆகாது.”

மூத்தவர் ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு கையுறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியேறினார்.